பாரவண்டிகளும் வீதி இடைவெளியும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வடக்கே காங்கேசன்துறையை நோக்கிச் செல்லும் பெருவீதி, சுன்னாகம், மல்லாகம் ஆகிய ஊர்களைக் கடந்து தெல்லிப்பழையை அடைகின்றது. மாணவர் துவிச்சக்கர வண்டிகளிற் பாடசாலை செல்வதும், தோட்டத்து விளைபொருள் உழவு இயந்திரப் பெட்டிகளில் வருவதும், சீமெந்தும் கல்லும் மரக்கறியும் ஏற்றிய லொறிகள் ஓடுவதும் இவ்வீதியிலேயே. மெல்லச் செல்வனவும் விரைந்து செல்வனவும் ஒரே வழியை நாடுமிடத்து, அவற்றிற்கிடையே விடப்படும் வெற்றிடமே உயிர்க்காவலாக அமைகின்றது. பாரவண்டிகள் அவ்வெற்றிடத்தைப் பேணாது முன்செல்லும் வண்டியை ஒட்டிச் செல்லுதலால் விளையும் கேட்டினை ஆராய்தல் நலமாகும்.

இவ்வீதிக்கு அயலிலே புகையிரதப் பாதையும் செல்கின்றது. 1902 இல் திறக்கப்பட்டு, போரினால் 1990 இல் நின்ற சேவை, 2015 இல் மீண்டும் காங்கேசன்துறையை எட்டியது. பாதையின் ஒரு பகுதிக்குள் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொன்று அதனுட் புகலாகாது என்பது புகையிரத ஓட்டத்தின் தலையாய விதி. இவ்விதி எளிதிற் பெறப்பட்டதன்று. 1889 இல் அயர்லாந்தின் ஆமா என்னும் நகருக்கண்மையில், ஏற்றத்திற் பிரிக்கப்பட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியுடன் மோதின. 80 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே, பயணிகள் வண்டியோடும் பாதைகளில் அவ்விதி பிரித்தானியச் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. வீதியிலோ இடைவெளியைக் காக்கும் கைகாட்டியுமில்லை, நிலைய அதிபருமில்லை. சாரதியின் அறிவொன்றே அங்குக் காவல்.

அவ்வறிவுக்கு அடிப்படையாவது பௌதிகவியல். மணிக்கு 54 கிலோமீற்றர் கதியிற் செல்லும் லொறி ஒரு செக்கனில் 15 மீற்றர் கடக்கின்றது. முன்வண்டியின் செவ்விளக்கைக் கண்ணாற் கண்டு, மனத்தாற் கொண்டு, காலால் மிதிப்பதற்குச் சாரதிக்கு ஏறக்குறைய ஒன்றரைச் செக்கன் வேண்டும். அதற்குள் லொறி 22.5 மீற்றர் சென்றுவிடும். பெரிய லொறிகளின் பிரேக்கு அழுத்தக் காற்றினால் இயங்குவது. காற்றுக் குழாய் வழியே ஒவ்வொரு சில்லையும் அடைதற்கு மேலும் அரைச் செக்கன் எனக் கொள்ளின், இன்னும் 7.5 மீற்றர் கழியும். அதன் பின்னரே அமர்முடுகல் தொடங்குகின்றது. அது செக்கனுக்குச் செக்கன் 5 மீற்றராயின், லொறி நிற்க மேலும் 22.5 மீற்றர் வேண்டும். ஆகக் கூடியது 52.5 மீற்றர்.

முன்செல்லும் சிறிய காரின் அமர்முடுகல் 7.5 மீற்றராயின், அக்கார் 15 மீற்றரில் நின்றுவிடும். எஞ்சும் 37.5 மீற்றரும் இரு வண்டிகளுக்குமிடையே முன்கூட்டியே இருந்திருத்தல் வேண்டும். பத்து மீற்றர் இடைவிட்டுச் செல்லும் சாரதி எத்துணைத் திறமை வாய்ந்தவனாயினும் மோதலைத் தவிர்த்தல் அரிது. அம்மோதலின் வன்மையும் சிறிதன்று. பத்துத் தொன் திணிவுள்ள லொறியின் இயக்கசத்தி, அதே கதியிற் செல்லும் ஒரு தொன் காரினதைப்போலப் பத்து மடங்காகும். கதி இரட்டிக்குமாயின் அச்சத்தி நான்கு மடங்காகும்.

உயர்ந்த ஆசனத்திலிருத்தலால் நெடுந்தூரம் தெரியும், ஆதலால் நெருங்கிச் செல்வதிற் பிழையில்லை எனச் சாரதிகள் சிலர் கருதுவர். முன்செல்வது மற்றொரு லொறியாயின் அவ்வுயர்வு பயன்படாது. மேலும், லொறியின் முகப்புக்கு மிக அண்மையிலுள்ள நிலம் அவ்வாசனத்திலிருப்பவனுக்கு மறைவாகும். துவிச்சக்கர வண்டியிற் செல்லும் பிள்ளை அம்மறைவிலேயே அகப்படுதல் கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தோட்டங்களிலிருந்து ஏறும் உழவு இயந்திரச் சில்லுகள் செம்மண்ணை வீதியில் அப்பிவிடுகின்றன. மழைநீரில் அது வழுக்கலாகி உராய்வைக் குறைக்கும். அமர்முடுகல் பாதியாகக் குறையின், பிரேக்கு பற்றியபின் ஓடும் தூரம் இரட்டிக்கும்.

சாரதியை மாத்திரம் பழித்தலும் நீதியன்று. வாடும் மரக்கறியை விடியுமுன் தம்புள்ளைச் சந்தையிற் சேர்க்கவேண்டியவன் இராமுழுவதும் விழித்தோடுகின்றான். ஓட்டத்தின் தொகைக்கேற்பக் கூலி கொடுக்கும் உரிமையாளரும், பிந்தி வந்த சரக்கின் விலையைக் குறைக்கும் வணிகரும் அவனது வேகத்திற் பங்காளரே. அயர்ந்த கண்ணுக்கு ஒன்றரைச் செக்கன் போதாது.

பிறநாடுகள் இதனைச் சட்டத்தால் வரையறுத்துள்ளன. முன்வண்டி திடீரென நின்றாலும் மோதாதவாறு போதிய தூரம் விடல்வேண்டும் என 1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை விதிக்கின்றது. ஜேர்மனியின் நெடுஞ்சாலைகளில் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள், மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் செல்லுமிடத்து, குறைந்தது 50 மீற்றர் இடைவிடல் வேண்டும்.

மீற்றர்க்கோல் கொண்டு அளக்கவியலாத சாரதிக்கு எளிய வழியொன்றுண்டு. முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடக்குங்கால் ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்து மூன்று’ என ஆறுதலாக எண்ணல் வேண்டும். எண்ணி முடியுமுன் தன் லொறி அக்கம்பத்தை அடையுமாயின் இடைவெளி போதாது. மேற்காட்டிய கதியில் மூன்று செக்கன் என்பது 45 மீற்றர், வேண்டிய 37.5 மீற்றரிலும் சற்றே மிகுதி. மழையிலும் இருளிலும் பாரம் மிகுந்தவிடத்தும் எண்ணிக்கையைக் கூட்டுதல் தகும்.

காலைவேளையில் தெல்லிப்பழைச் சந்தியைக் கடக்கும் மாணவனுக்கு இக்கணக்கு ஏட்டுக்கல்வி மட்டுமன்று. தன் பின்னே வரும் லொறி நிற்கத்தக்க தூரத்தில் வருகின்றதா என்பதிலேயே அவன் பாடசாலை சேர்வதும் வீடு திரும்புவதும் தங்கியுள்ளன. இடைவெளி விடுதலாற் சாரதி இழப்பது மூன்று செக்கன் மாத்திரமே.