கென்யாவில் கைகொடுத்த சர்க்கரை டப்பா!



நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. ஈரோடு பக்கம் எங்களுக்கு ஒரு பெயின்ட், ஹார்டுவேர் கடை இருக்கிறது. பால் காய்ச்சுவதில் தொடங்கி சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியாருக்கு மாத்திரை, மத்தியானம் இரண்டு மணி நேரம் கடைக் கல்லா என்று ஓடுகிற வாழ்க்கை. ஊட்டியைத் தாண்டி வேறு குளிர் தெரியாத நான், 2023 செப்டம்பர் கடைசியில் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். கம்பெனி ஒன்று, அதிகம் விற்ற டீலர்களை ஜோடியாக அழைத்துப் போனது. பாதி நாள் காடு, பாதி நாள் கடற்கரை.

சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் நாமே டி.வி.யில் பார்க்கிறோம். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் முன்கூட்டிச் சொல்லாமல், போன இடத்தில் திடீரென்று எதிரே வந்து நின்றதை மட்டும் எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி வாய்ப்பு வந்தால் உதவும்.

ஆப்பிரிக்காவில் ஸ்வெட்டர்!

கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அதற்கான மஞ்சள் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், அறுபது வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே போட வேண்டும் என்றார்கள்.

ஆப்பிரிக்கா என்றால் கொளுத்தும் வெயில் என்று நினைத்து எங்கள் குழுவில் எல்லோரும் மெல்லிய பருத்திச் சேலையாகவே எடுத்து வந்திருந்தார்கள். நைரோபியில் இறங்கியதும் பல் கிட்டியது! அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் குன்னூர் மாதிரி. மாமியாரின் கம்பளிச் சால்வையை நான் கொண்டுபோயிருந்தேன். நாலு நாளும் அதை நாலு பேர் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டோம்.

இன்னொன்று, அங்கே பிளாஸ்டிக் பைக்கு 2017-லிருந்தே தடை. அபராதம் கடுமை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மஞ்சள் பையில் வைத்து எடுத்துப் போவதே நல்லது.

"மாமா, வாங்க!"

எங்கள் வண்டி டிரைவர் என்னைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு "மாமா, கரிபு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் பேசும் சுவாஹிலியில் 'மாமா' என்றால் அம்மா, 'கரிபு' என்றால் வாங்க. கல்யாணமான பெண்களை மரியாதையாக 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்களாம். அண்ணனுக்கு 'காக்கா', அக்கா தங்கைக்கு 'தாதா'! என் வீட்டுக்காரரை யாரோ "காக்கா" என்று கூப்பிட்டபோது அவர் அண்ணாந்து பார்த்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைக்கு 'துக்கா', டீக்கு 'சாய்', சப்பாத்திக்குச் சப்பாத்தியேதான். வீட்டுச் சாப்பாட்டில் சப்பாத்தி அவர்களுக்கும் விசேஷம். இந்த வார்த்தைகள் நம் நாட்டவர்களோடு போனவை என்று பிறகு தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

கரிசலில் புதைந்த வண்டி

மசாய் மாரா என்ற காடு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். காடு என்றால் அடர்ந்த மரங்கள் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, அங்கங்கே குடை விரித்த மாதிரி வேல மரங்கள். எக்காரணம் கொண்டும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் முதல் விதி.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே புறப்பட்டோம். அது புரட்டாசி மாதம். எங்கள் குழுவில் பாதிப் பேர் அசைவம் தொடமாட்டோம் என்று பயண ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தால் எல்லாவற்றிலும் கோழி! ஆளுக்கு ஒரு ஆப்பிள்தான் மிச்சம். என் கணவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. காலை மாத்திரையை எப்போதும் போலப் போட்டிருந்தார். என் பையிலிருந்த முறுக்கை நீட்டினேன். "எல்லாரும் பாக்கறாங்க, சும்மா இரு கண்ணு" என்று கிசுகிசுத்தார். தனக்குச் சர்க்கரை இருப்பது வியாபார நண்பர்களுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் கட்டளை. 'நோயாளி என்று தெரிந்தால் கடன் கொடுக்க யோசிப்பார்கள்' என்பார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அது விட்டதும், ஒரு புதரடியில் பெண் சிங்கம் இரண்டு குட்டிகளோடு படுத்திருப்பதைப் பார்த்து எல்லோரும் படம் எடுத்தார்கள். கிளம்பலாம் என்று டிரைவர் வண்டியை முறுக்கினார். பின் சக்கரம் உள்ளே போனது. அது கரிசல் மண்! நான் கரிசல் காட்டில் பிறந்தவள். மழை நின்ற கரிசலில் கால் வைத்தால் செருப்பே கையோடு வராது என்பது எனக்குத் தெரியும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற வண்டி இன்னும் அமுங்கியது. சிங்கம் அறுபது அடியில் இருந்தது. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

டிரைவர் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டார். வண்டிக்குள் நாங்கள் மூன்று ஜோடிகள். ஒரு அக்கா கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டார். எல்லோர் கண்ணும் சிங்கத்தின் மேல். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்தக் குளிர் காற்றில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. விரல் நடுங்கியது.

"ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?" என்றேன்.

"கடைச் சாவி எங்க வெச்சே?" என்றார்.

அந்த ஒரு பதிலில் எனக்கு விளங்கிவிட்டது. சர்க்கரை இறங்கினால் வேர்வை, நடுக்கம், பிறகு பேச்சு தடம் மாறும் என்று எங்கள் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெளியூர் எங்கே போனாலும் என் கைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரை இருக்கும். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, விரலாலேயே கலக்கி, வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தேன். "வேண்டாம்" என்று தட்டிவிடப் பார்த்தார். "குடிச்சாத்தான் சாவி தருவேன்" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி குடித்தார்.

பக்கத்திலிருந்தவர்கள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். மறைக்க இனி என்ன இருக்கிறது? "இவருக்கு சுகருங்க, இறங்கிப் போச்சு" என்று சத்தமாகவே சொன்னேன். டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் தன் ஃபிளாஸ்க்கில் இருந்த இனிப்பு டீயை நீட்டினார். அது அவருடைய ராத்திரிக்கு வைத்திருந்த டீ. கால் மணி நேரம் எனக்குக் கால் யுகம். வெளியே சிங்கம் இருப்பதே மறந்துபோனது. பிறகு அவர் கண்ணில் தெளிவு வந்தது. "மழை விட்டிருச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் போல இனிப்பான வார்த்தையை நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் முறுக்கையும் கடலை உருண்டையையும் மறுக்காமல் சாப்பிட்டார்.

ஆறரை மணிக்கு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் வேறொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தது. சிங்கம் எப்போது எழுந்து போனது என்று எங்களில் யாருக்குமே தெரியாது.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் என் கணவரே எழுந்து, "எனக்கு ஆறு வருஷமா சர்க்கரைங்க. இத்தனை நாளா சொல்லாம இருந்தேன்" என்றார். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒருவர் "எனக்கும்தான்" என்றார். இன்னொருவரும் சொன்னார். மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவரின் மனைவி, "இவரு பாத்ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுல்ல ஊசி போடுறாரு!" என்று போட்டுடைத்தார். பன்னிரண்டு ஆண்களில் நாலு பேர்! மறுநாள் முதல் எங்கள் குழுவே நேரத்துக்குச் சாப்பிட்டது. சைவப் பொட்டலமும் தனியாக வந்தது.

உங்களிடம் எத்தனை மாடு?

மசாய் மக்களின் ஊர் ஒன்றுக்குப் போனோம். குச்சி நட்டு, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிய தாழ்ந்த வீடுகள். வீடு கட்டுவது அங்கே முழுக்கப் பெண்கள் வேலை! ஒழுகினால் மேலே ஏறிச் சாணி பூசுவதும் அவர்களே. நம் வாசலில் சாணி தெளிக்கிறோம், தரை மெழுகுகிறோம் என்று சைகையில் காட்டினேன். ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வழிகாட்டியிடம் ஏதோ கேட்டார். "உங்க வீட்டில் எத்தனை மாடு என்று கேட்கிறார்" என்றார் அவர். எங்கள் நகையை, சேலையை, ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. "பிறந்த வீட்டில் ரெண்டு எருமை, ஒரு பசு" என்றேன். 'பாவம், இவ்வளவுதானா' என்பது போல என் தோளைத் தட்டினார். மாடுதான் அங்கே செல்வம்.

லட்சக்கணக்கான மாடு போன்ற மிருகங்கள் புல் தேடி மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம். கூட்டமாகக் கரைக்கு வந்தன, தண்ணீரைப் பார்த்தன, அப்படியே திரும்பிப் போய்விட்டன! முதலைக்குப் பயந்திருக்கும். எனக்கு வருத்தமில்லை.

ரயிலில் போனபோது...

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017-ல் விட்ட புது ரயிலில் போனோம். சுமார் ஐந்து மணி நேரம். வழியில் சாவோ காடு. செம்மண்ணில் புரண்டு செங்கல் நிறத்தில் நின்ற யானைகளை ஜன்னல் வழியாகவே பார்த்தோம்.

பக்கத்திலேயே பழைய தண்டவாளம். அதைப் போட 1896 முதல் 1901 வரை வெள்ளைக்காரர்கள் நம் நாட்டிலிருந்து சுமார் 32,000 பேரைக் கூட்டிப் போனார்களாம். பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். நோயாலும் விபத்தாலும் ஏறத்தாழ 2,500 பேர் இறந்திருக்கிறார்கள். 1898-ல் இதே சாவோவில் இரண்டு சிங்கங்கள் ராத்திரி ராத்திரியாகக் கூடாரத்துக்குள் நுழைந்து தொழிலாளிகளைத் தூக்கிப் போயிருக்கின்றன. முந்தாநாள் வண்டிக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பயந்த நான், துணிக் கூடாரத்தில் படுத்திருந்த அந்த ஆண்பிள்ளைகளையும், ஊரில் அவர்கள் கடிதத்துக்குக் காத்திருந்த பெண்களையும் நினைத்துக்கொண்டேன். அந்தச் சப்பாத்தி சும்மா வரவில்லை.

கடல் போன இடம்

மொம்பாசாவுக்குத் தெற்கே டயானி கடற்கரை. மாவு மாதிரி வெள்ளை மணல். முதல் நாள் மத்தியானம் குளிக்கப் போனால் கடலைக் காணோம்! தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாசியும் பாறையும் நட்சத்திர மீனும் தெரிந்தன. நம் பக்கத்தில் ஏற்ற இறக்கம் இவ்வளவு தெரியாது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குமாம். எங்கள் குழுப் பெண்கள் இருவர் சிப்பி பொறுக்கிக்கொண்டே வெகுதூரம் போய்விட்டார்கள். கரையில் இளநீர் விற்ற பையன் "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே ஓடினான். திரும்பும்போது முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. ஓட்டல்காரர்களிடம் கடல் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். முள்ளெலி மாதிரி கடல் முள்ளிகள் உண்டு. ரப்பர் செருப்பு அவசியம்.

அறை பால்கனியில் வைத்த பருப்புப் பொடி டப்பாவைக் குரங்கு தூக்கிப் போய், மரத்தில் உட்கார்ந்து திறந்து, முகமெல்லாம் பூசிக்கொண்டு தும்மியது தனிக்கதை.

அந்த ஊர்ப் பெண்கள் 'கங்கா' என்று ஒரு பருத்தித் துணி கட்டுகிறார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். வாயால் சொல்ல முடியாததை மாமியாருக்கும் ஓரகத்திக்கும் இப்படித் துணியில் சொல்லிவிடுவார்களாம்! நான் வாங்கியதில் 'ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா' என்றிருந்தது. அவசர அவசரமாகச் செய்வதில் அருள் இல்லை என்று அர்த்தம். நம் 'பதறாத காரியம் சிதறாது'தான். திருப்பிப் பார்த்தால் மூலையில் 'இந்தியாவில் தயாரானது'! ஜவுளி ஊர்க்காரியான எனக்குச் சிரிப்பு வந்தது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

வெளிநாடு போகும் வாய்ப்பு எல்லோருக்கும் வராது. ஆனால் திருப்பதி, ராமேஸ்வரம், சொந்தக்காரர் கல்யாணம் என்று எல்லோரும் போகிறோம். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் கைப்பையில் சர்க்கரையோ குளுகோஸோ கட்டாயம் இருக்கட்டும். வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வையுங்கள். மயங்கியே விட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கூட வருபவர்களிடம் நோயைச் சொல்லி வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

என் வீட்டுக்காரர் இப்போது கடையில் மேஜை மேலேயே மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறார். கடன் கொடுப்பவர்கள் யாரும் குறைந்துவிடவில்லை. ஒரு சப்ளையர் மட்டும் வரும்போதெல்லாம், "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கணக்கைப் பேசுகிறார்.

- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்