உம்மாவின் இலண்டன் டிக்கட்

சகோதரிகளே, மகளின் பிரசவத்துக்காக இலண்டன் போகும் உம்மாவின் டிக்கட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோடை காலமென்றால், கட்டுநாயக்காவில் பிற்பகல் 1 மணிக்கு ஏறி அன்று மாலை 7.30க்கு இறங்குவதாக இருக்கும். "ஆறரை மணித்தியாலந்தானே உம்மா" என்று நீங்களும் ஆறுதல் சொல்லி அனுப்புவீர்கள். ஆனால் அவர் வானத்தில் இருக்கப் போவது ஏறக்குறைய 11 மணித்தியாலங்கள்! டிக்கட்டில் பிழையில்லை. ஏறும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் இலண்டன் நேரம். கோடையில் இலண்டன் நம்மைவிட நாலரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பிந்தி நிற்கிறது.

தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். பிள்ளைகளின் பூகோள உருண்டையில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடியுங்கள். நூலின் நடுப்பகுதி ஈரானின் தெஹ்ரானுக்கு அண்மையில் வந்து நிற்கும். விமானம் அந்த நூலின் மேலேயே போவதில்லை. யுத்தம் நடக்கும் நாடுகளைச் சுற்றிப் போகவேண்டி வருவதால் தூரமும் நேரமும் கூடும். டோஹாவிலோ துபாயிலோ மாறிப் போவதானால் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இனித்தான் முக்கியமான விடயம். விமானம் மேற்கே, சூரியன் போகும் திசையிலேயே பறக்கிறது. எனவே பகல் நீண்டுகொண்டே போகும். கோடையில் உம்மாவுக்கு அன்றைய நாள் 24 மணித்தியாலமல்ல, இருபத்தெட்டரை மணித்தியாலம். "காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று" என்று மாத்திரை எடுப்பவர் எந்த இரவை நம்புவது? நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவரென்றால், பயணத்துக்கு முன்பே டொக்டரிடம் டிக்கட்டைக் காட்டி நேரங்களை எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையிலேயே இருக்கட்டும். பெரிய பெட்டியோடு கீழே போனால் குளிரில் உறைந்துவிடக் கூடும்.

நோன்பும் இப்படித்தான். 2016இல் ரமழான் ஜூனில் வந்தது. ஜூன் மாதம் இங்கே அதிகாலை நாலரை மணியளவில் நோன்பு பிடித்து ஏறுபவருக்கு, இலண்டனில் சூரியன் மறையும்போது இரவு 9.20 ஆகியிருக்கும். இலங்கை நேரப்படி அது மறுநாள் அதிகாலை 1.50. கிட்டத்தட்ட 21 மணித்தியாலத்துக்கு மேல்! கைக்கடிகாரம் இங்குள்ள மஃரிபைக் காட்டும். ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய அல்குர்ஆன் (2:185) அனுமதித்திருப்பதை வயதான உம்மாவுக்குப் புறப்பட முன்பே எடுத்துச் சொல்லுங்கள். நம் உம்மாமார் கேட்டால்தானே!

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னால் தள்ளுவதால் பயணம் சற்றுக் குறையும், பத்தரை மணித்தியாலமளவில் முடிந்துவிடும். ஆனால் டிக்கட்டில் 15 மணித்தியாலம் போலத் தெரியும். இரவு 9 மணிக்கு ஏறினால் மறுநாள் நண்பகல்தான் கட்டுநாயக்கா. இறங்கும் திகதியையும் கவனியுங்கள். எங்கள் வீட்டு வேன் ஒருமுறை, புறப்பட்ட திகதியை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு நாள் முந்தியே போய் நின்றது.