அறுவை சிகிச்சை ஒருவருக்கு, மாற்றம் குடும்பத்துக்கு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் மீதியெல்லாம் தானாக நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் ஓராண்டில் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைவது பரவலாகக் காணப்படுவதுதான். ஆனால், ஒரே முறையில் சிகிச்சை பெற்ற இருவருக்கு ஒரே அளவில் எடை குறைவதில்லை. ஏன்?

விடையில் ஒரு பகுதி உடலில் இருக்கிறது. இளையர்களுக்குப் பொதுவாகக் கூடுதலாகவும், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சற்றுக் குறைவாகவும் எடை இறங்குகிறது. மற்றொரு பகுதி வீட்டிலும் வேலையிடத்திலும் இருக்கிறது.

இது நமக்குத் தொலைவான சங்கதி அல்ல. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் இருவரில் ஒருவர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகம்.

தட்டில் என்ன இருக்கிறது?

பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கு வரை அகற்றப்படுகிறது. அதன்பின் ஒருவேளைக்குச் சில கரண்டி உணவே கொள்ளும். அந்தக் கொஞ்சத்தில் முட்டை, மீன், கோழி, பருப்பு, தவ்பூ போன்ற புரத உணவுக்கே முதலிடம். நம் வீடுகளிலோ முதலில் தட்டில் விழுவது சோறு. சைவ உணவுக்காரர்கள் இன்னும் கவனமாகத் திட்டமிட வேண்டும்.

திட உணவு குறைந்தாலும் தே தாரிக்கும் மைலோவும் தடையின்றி இறங்கிவிடும். எடை மீண்டும் ஏற அதுவும் ஒரு வழி.

உலக அளவில் இச்சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் பெண்கள். எல்லாருக்கும் சமைத்துப் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடும் அம்மாவுக்கு நேரத்துக்குச் சிறிது சிறிதாக, மென்று சாப்பிட முடியுமா?

வேலையும் செலவும்

வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். பரிசோதனைக்குத் தவறாமல் செல்வோருக்குப் பொதுவாக நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால், ஷிப்டு வேலை செய்பவருக்கும் மருத்துவமனையிலிருந்து தொலைவில் வசிப்பவருக்கும் அது எளிதல்ல. அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்ப்பவர்கள், அதற்குப் பிந்திய மாதச் செலவையும் கணக்கிடுவது நல்லது.

உறவுகளும் மாறும்

சுவீடனில் 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, சிகிச்சைக்குப் பின் தனியாக இருந்தவர்களிடையே திருமணமும், தம்பதியரிடையே பிரிவும் அதிகரித்ததைக் காட்டியது. எடை இறங்கும்போது தன்னம்பிக்கையும் எதிர்பார்ப்புகளும் மாறுகின்றன. அதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

திருமணமாகவிருக்கும் பெண்களுக்கு இன்னொன்றும் முக்கியம். சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். “மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவேண்டாம்” என்று மறைத்துவிட்டால், “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வியைப் பெண் தனியாகச் சமாளிக்க வேண்டிவரும்.

முன்பே பேசுங்கள்

உணவியல் நிபுணரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் சமைப்பவரும் உடன் செல்லட்டும். பரிசோதனை நாள்களில் யார் அழைத்துப் போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முடிவுசெய்யுங்கள். விருந்துக்குப் போனால், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்று வற்புறுத்தும் உறவினருக்கு நோயாளிக்குப் பதிலாக நீங்களே “போதும்” என்று சொல்லிவிடுங்கள்.