கிளாரோ அக்ரோட்டு மரம்

காஷ்மீரத்திலிருந்து நம் கடைகளுக்கு வரும் அக்ரோட்டு ஜாதியைக் கலிபோர்னியா மாகாணத்தார் தம் நாட்டுக் கருப்பு அக்ரோட்டின் கன்றுகளில் ஒட்டுக் கட்டிப் பயிரிடுவது நெடுநாளைய வழக்கம். அக்கருப்பு அக்ரோட்டின் மரத்திற்கு வியாபாரிகள் இட்ட பெயரே கிளாரோ.

இதன் வைரம் கபில நிறமானது. கறுப்பும் ஊதாவும் செம்மையுமான கோடுகள் அதில் ஓடும். நார் அலையலையாக வளைந்துள்ள பாகத்தை இழைத்துச் சாய்த்துப் பார்த்தால் ஒளி இடம் மாறிப் பட்டுப்போல் மினுங்கும். ஆனால் இந்த ரேகை நெடிய தண்டில் சொற்பமே. கவைகளிலும், ஒட்டுக்குக் கீழுள்ள அடித்தூரிலும், வேர் பிரியுமிடத்திலுமே மிகுதி. ஒட்டுச் சேர்ந்த இடத்தில் வெளிர்மரமும் கருமரமும் சந்திக்கும் பலகையை விரும்பி வாங்குவோர் உளர்.

ஆகையால், காய்ப்புக் குன்றிய மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுத் தூரைக் கொளுத்துகிறவர் விலையுயர்ந்த பாகத்தையே சாம்பலாக்குகிறார். சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேர்களைத் தறித்து, தூரோடு சாய்ப்பதே முறை. வேரிடுக்கிலுள்ள கற்கள் வாளின் பற்களைக் கெடுக்குமாதலால் அறுக்குமுன் நன்கு கழுவவேண்டும். இதில் சோம்பல் ஆகாது. பலகை முனைகளில் மெழுகு பூசி நிழலில் மெதுவாய் உலர்த்தாவிடில், ரேகையுள்ள பாகமே முதலில் முறுக்கிப் பிளக்கும்.

மேஜைப் பலகைகள், கிட்டார் வாத்தியங்கள், துப்பாக்கிக் கட்டைகள் முதலியன இதனாற் செய்யப்படுகின்றன. துப்பாக்கிக்கு எடுக்குங்கால், கைப்பிடி குறுகுமிடத்தில் நேரான நாரும், தோளிற் பதியும் அகன்ற பாகத்தில் ரேகையும் அமையுமாறு குறியிடுவர். வளைந்த நார் பலத்தில் குறைந்தது.