மின்சிகரெட்டும் மனப்பதற்றமும்

பழங்காநத்தத்திலிருந்து முப்பது வயதைக் கடந்த மகனை அழைத்து வந்திருந்த தாயார் ஒருவர், பென் டிரைவ் போன்ற ஒரு பொருளை என் மேசைமீது வைத்தார். "துவைக்கப் போட்ட பேன்ட்ல கெடந்துச்சு சார். கம்ப்யூட்டர் சாமான்னு பத்திரமா எடுத்து வச்சேன்" என்றார். அது மின்சிகரெட். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

வெளியூரில் இரவுப்பணி பார்த்த மகன் தந்த விளக்கம் எளிமையானது: "பதற்றம் வரும்போது நாலு இழுப்பு இழுத்தால் அடங்கிவிடுகிறது."

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளிழுக்கும் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி இதமளிக்கிறது. ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். அப்போது எரிச்சலும் படபடப்பும் கவனச்சிதறலும் தலைதூக்குகின்றன. அடுத்த இழுப்பு பெரும்பாலும் இவற்றைத்தான் தணிக்கிறது. சிகரெட்டாவது எரிந்து முடியும், வாடையும் காட்டிக்கொடுக்கும். இக்கருவியைப் படுக்கையிலும் குளியலறையிலும்கூட ஓயாமல் இழுக்கலாம். உறக்கம் கெட இது போதும்.

மின்சிகரெட்டே மனச்சோர்வை உண்டாக்குகிறதா? அமெரிக்க ஆய்வுகளில், இதைப் பயன்படுத்தும் பெரியவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. எது முதலில் வந்தது என்பதை அவற்றைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றே நான் கருதுகிறேன். சிகரெட்டைக் கைவிட்டவர்களின் பதற்றமும் சோர்வும் குறைந்ததை 26 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. மனநோய் உள்ளவர்களிடமும் இதுவே காணப்பட்டது.

குளோசபின், ஓலன்சபின் மாத்திரை உட்கொள்வோரின் குடும்பத்தார் ஒன்றை அவசியம் அறிய வேண்டும். பீடி, சிகரெட் புகையிலுள்ள வேதிப்பொருள்கள் இம்மருந்துகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கின்றன. மருந்தின் அளவும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். இதைச் செய்வது நிக்கோட்டின் அன்று, புகையே. எனவே ஒருவர் மின்சிகரெட்டுக்கு மாறினாலும், புகைப்பதை அடியோடு நிறுத்தினாலும், சில நாள்களில் இரத்தத்தில் மருந்தின் அளவு உயரக்கூடும். மிகுந்த தூக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம், அரிதாக வலிப்பும் நேரலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டா.

தமிழ்நாட்டில் 2018இலும் நாடு முழுவதும் 2019இலும் மின்சிகரெட் விற்பனை தடைசெய்யப்பட்டது. கள்ளச்சந்தையில் கிடைக்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. 'நிக்கோட்டின் அற்றது' என்னும் அச்சையும் நம்ப இயலாது. சட்டத்துக்கு அஞ்சிப் பலர் மருத்துவரிடமே மறைக்கின்றனர். ஆலோசனை அறையில் சொல்வது இரகசியமாகவே காக்கப்படும்.

நிறுத்திய முதல் வாரம் கடினமானது. இரண்டாம், மூன்றாம் நாள்களில் எரிச்சல் உச்சமடைந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். அந்நாள்களில் அவர் சிடுசிடுத்தால் வீட்டார் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிக்கோட்டின் பசை, மாத்திரைகள் முதலியவற்றை மருத்துவ ஆலோசனையுடன் பயன்படுத்தலாம். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அன்றே அழைத்து வாருங்கள். புகையிலையைக் கைவிட உதவும் தேசிய எண் 1800 11 2356. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416.

கண்டெடுத்த கருவியை அலமாரியில் வைக்க வேண்டா. அதிலுள்ள திரவம் சிறு குழந்தைகளுக்கு நஞ்சு.