ஒரே எண்ணை வைத்து நாயைக் கைவிடலாமா?

ஜவ்வாது மலையில் ஆட்டுப்பட்டிக்கும் சாமைக் காட்டுக்கும் நாய்தான் காவல். அது சோறு எடுக்காமல், கண் மஞ்சளித்து, வயிறு ஊதிப் படுத்துவிட்டால், மலையிறங்கி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அறிக்கையில் ஓர் எண் பல மடங்கு எகிறியிருக்கும். 'இனி பிழைக்காது' என்று பலர் அங்கேயே மனம் விட்டுவிடுகிறார்கள். அது அவசர முடிவு.

எகிறுவது பெரும்பாலும் ஏ.எல்.டி. எஸ்.ஜி.பி.டி. என்பதும் இதுதான். கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி இது. சிதைவு நடப்பதைக் காட்டும். மிச்சமுள்ள கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. நாயின் ரத்தத்தில் இது ஏறக்குறைய இரண்டரை நாளில் பாதியாகிவிடும் என்பதால், சில நாள் கழித்துச் செய்யும் மறுபரிசோதனைக்கே மதிப்பு அதிகம். ஏ.எல்.பி. என்ற இன்னொரு நொதியை ஸ்டீராய்டும், வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டாலும்கூட ஏற்றிவிடும். சொறிக்கு ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நாள்பட்ட நோயில் கல்லீரல் சுருங்கிவிட்டால், கசிய செல்களே மிச்சமிருக்காது. நொதிகள் இயல்பாகவே தெரியும். அப்போது பார்க்க வேண்டியவை அல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம். அல்புமின் சரிந்து, பிலிருபின் ஏறி, ரத்தம் உறையத் தாமதமாகி, வயிற்றில் நீரும் கோத்தால் நிலைமை கடினம். இவற்றையும் தனித்தனியே நம்பக் கூடாது: உண்ணிக் காய்ச்சலில் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தாலும் பிலிருபின் ஏறும்.

பூஞ்சை பிடித்த கடலையையும் மக்காச்சோளத்தையும் நாய்க்குப் போடாதீர்கள். அவற்றிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அமெரிக்காவில் 2020 இறுதியில் ஸ்போர்ட்மிக்ஸ் நாய்த்தீவனத்தில் இந்த நஞ்சு கலந்திருந்தது தெரியவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. காய்ச்சல் என்று பாராசிட்டமாலும் கொடுக்க வேண்டாம். எலிக்காய்ச்சலும் நாயின் கல்லீரலைத் தாக்கும், சிறுநீர் வழியே மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி உண்டு.

இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டம், 1984-இன்படி பதிவு பெற்றவரே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், அறிக்கையின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டினியில் தவிக்கும்படி வளர்ப்பு நாயைக் காரணமின்றிக் கைவிடுவது, விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி குற்றம். கால்நடை ஆம்புலன்ஸ் சேவைக்கு 1962 என்ற எண்ணை அழையுங்கள்; அழைப்புக்குக் கட்டணம் இல்லை.