இறால் ஓட்டுக் கரியும் உப்பேறிய வயலும்

ஒரு கிலோ இறாலை உரித்தால் தலையும் ஓடுமாக ஏறக்குறைய 400 கிராம் கழிவாகிவிடும். வெயில் ஏறினால் சில மணி நேரத்தில் அந்தக் குவியல் நாறத் தொடங்கும், ஈ மொய்க்கும். ஆனால் அந்த ஓட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, கடலோர வயல்களுக்குத் தேவைப்படும் பொருள்.

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்துக் கடைமடை வயல்களில் கடல் புகுந்தது. விவசாயிகள் படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்தார்கள், ஜிப்சம் இட்டார்கள், தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுதார்கள். மழையும் உப்பைக் கழுவிக் கொடுத்தது. ஆனால் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவுவதற்கு ஆழிப்பேரலை தேவையில்லை.

அப்படிக் கடல்நீர் ஏறி, சோடியம் மிகுந்துபோன களிமண்ணைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். நனைந்தால் கூழாகிறது, காய்ந்தால் பாறையாகிறது. நீர் இறங்க வழியில்லை. களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டால்தான் மண் பொலபொலக்கும்.

அந்தக் கால்சியத்தை இறால் ஓட்டிலிருந்து பெற, ஓட்டை முதலில் நன்னீரில் அலசி உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உப்பு வயலுக்கே உப்பைக் கொண்டு சேர்த்ததாகிவிடும். பிறகு உமியோ விறகுச் சிம்போ கலந்து, காற்று புகாத உருளையில் 400 முதல் 500 டிகிரி வரை சூடேற்றினால் கரி கிடைக்கும். ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்துக்குப் போடும் கரிமூட்டத்தின் தத்துவமும் இதுதான். சுண்ணாம்பும் மணிச்சத்தும் கரியில் தங்கும். கரியின் நுண்துளைகள் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும் என்பதால் இதை யூரியாவுக்கு மாற்றாக நினைக்கக் கூடாது. தொழுவுரத்தோடு ஊறவைத்து இடுவதே நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல. உவரில் கரையும் உப்பு அதிகம். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும், பி.எச். 8.5-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் ஓட்டுச் சுண்ணாம்பு கரைவதே இல்லை எனலாம். கரியும் காரத்தன்மை உடையதுதான். களர் நிலத்துக்கு ஜிப்சமே முதல் மருந்து. மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை மூட்டையாகக் கரியைக் கொட்டுவது பணத்தை மண்ணில் புதைப்பதற்குச் சமம்.

வடிகாலும் வேண்டும். கால்சியம் தள்ளிவிட்ட சோடியம் வெளியேற வழியில்லாவிட்டால் அடுத்த கோடையில் ஈரத்தோடு மேலேறி, பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதனால் கரி இடுவதற்கு முன்பே வாய்க்காலை வெட்டிவிட வேண்டும்.